பழசு இருக்கா அக்கா?

"பழசை எடுக்கப் போறீகளாமுல்ல? எடுங்க. எடுத்துட்டு அப்படியே என் தலையில ஒரு கல்லையும் தூக்கிப் போட்டுட்டுப் போங்க!"

காலைக் காப்பி இன்னும் தொண்டைக்குள் இறங்கவில்லை. போனில் தேவகோட்டை அன்னம். "நான் எதையும் எடுக்கல. எடுக்கச் சொன்னது உன் முதலாளி மகன். அங்குட்டுப் போய்க் கத்து" என்று நானும் கத்தினேன். "அவரு முதலாளி. அவருகிட்டக் கத்த முடியுமா? உங்ககிட்டத்தான் கத்த முடியும்" என்றாள். இதுதான் எங்கள் தொழில். ஆபீஸில் யார்மேல் யாருக்குக் கோபம் வந்தாலும் போன் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும்.

எங்கள் தொழில் என்றா சொன்னேன்? என் வீட்டுக்காரருடையது. காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஏசி போட்டு இரண்டு பெரிய கம்ப்யூட்டர்களை உட்கார வைத்திருக்கிறார். சர்வர் என்று பெயர். ஒன்றில் மென்பொருள்களின் பழைய வெர்ஷன்கள், மற்றதில் புதியவை. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் படுத்துவிடும். அதனால் கடைக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் அவரவர் மேசையில் இருந்தபடி 'பழசு', 'புதுசு' என்ற இரண்டு பொத்தான்களில் வேண்டியதை அமுக்குவார்கள். வேலை நடப்பது எங்கள் பின்னறையில். அவர்கள் திரையில் தெரிவது அதன் படம் மட்டும்.

வீட்டுக்காரர் பாதி நாள் சிவகங்கை, மீதி நாள் தேவகோட்டை என்று ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றுவார். போன் என் கையில். "நீ கான்வென்ட்ல படிச்சவ. எரர் எல்லாம் இங்கிலீஷ்லதானே வருது" என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார். அந்தக் கான்வென்டில் பொறுமை என்றும் ஒரு பாடம் நடத்தினார்கள். அன்றைக்கு நான் லீவு. புருஷன் தொழிலுக்குச் சம்பளம் இல்லாமல் போன் எடுக்கும் பெண்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், யோசனை மட்டும் சொல்லக் கூடாது.

அன்னத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பவள் அவள். புருஷனுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்ததிலிருந்து, தேவகோட்டை வீட்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எங்கள் 'பழசு' வழியாக வேலை செய்கிறாள். முதலாளி மகன் வாங்கிய புதிய வெர்ஷனோ அச்சகத்துக் கம்ப்யூட்டர்களில் மட்டும்தான் ஓடும். அதை எங்கள் சர்வரில் ஏற்ற லைசென்ஸில் அனுமதி இல்லை. பழசை மூடினால் அன்னம் தினமும் பஸ் ஏறிக் காரைக்குடி வர வேண்டும். வந்தால் அந்த மனிதரைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை. ஆக, பழசு போனால் அவள் வேலையும் போகும். அன்று கத்திய பிறகு தினமும் காலையில் முதல் போன் அவளுடையதுதான். "பழசு இருக்கா அக்கா?" "இருக்கு, இருக்கு. வை போனை."

எழுத்தில் போடுங்கள்

அந்த அச்சகத்தில் அப்பா பெரியவர், மகன் சின்னவர். அன்னத்தை வேலைக்கு எடுத்தவரும், வீட்டிலிருந்தே செய் என்று சொன்னவரும் பெரியவர். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, அச்சகம் ஈ ஓட்டும். மாற்றம் செய்ய அதுதான் தோது என்று சின்னவர் முடிவு செய்துவிட்டார். "மேடம், கடையில எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தியாச்சு. ஆடி முடியிறதுக்குள்ள பழசை மூடிடுங்க" என்றார். பழசில் ஒரு கடையாவது குறைகிறதே என்று என் வீட்டுக்காரருக்கு அதைக் கேட்டுச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பழைய மெஷின் ரைஸ் மில் மாதிரி இரைகிறது, அதற்கு வைரஸ் பாதுகாப்பும் இல்லை என்று அவருக்கு நெடுநாள் புலம்பல்.

ஆனால் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. வாய்ச் சொல்லை நம்பி எதையும் மூடக் கூடாது. ஒரு ஜவுளிக் கடையில் சொன்னார்களே என்று மூடப் போய், மறுநாள் "யாரு மூடச் சொன்னா?" என்று அவர்களே வாசலில் வந்து நின்றதிலிருந்து இந்தச் சட்டம். அதனால் நானும், "வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி எழுதிப் போடுங்க தம்பி, மத்தியானமே மூடிடுறோம்" என்றேன். சின்னவர் இருமினார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்பாவும் அந்தக் குரூப்ல இருக்காக மேடம்."

எத்தனை விசில்?

சர்வர் அறை எப்போதும் சில்லென்று இருக்கும். இட்லி மாவு அங்கே வைத்தால் இரண்டு நாளானாலும் புளிக்காது. கனகாம்பரமும் வாடாது. இதற்காக எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கும் சண்டையை எழுதினால் அதுவே தனிப் புத்தகம் ஆகும். "இது சர்வர் ரூமா, சமையல் ரூமா?" என்பார். "கரண்ட் பில் சமையல் ரூமோடது சேர்ந்துதானே வருது?" என்பேன்.

ஒரு நாள் அந்த ஏசி நின்றுபோனது. அறை சூடானது, சர்வர் சோம்பியது, போன் அலறியது. உரக்கடைக் கணக்குப்பிள்ளை பேசினார். என்ன அமுக்கினாலும் மணல் கடிகாரம்தான் சுற்றுகிறதாம். நான் ஒரு கையில் போன், ஒரு கையில் கரண்டி. "சர்வர் கொஞ்சம் சூடாயிருச்சு சார், ஆறட்டும்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் குக்கர் கூவியது. ஒன்றல்ல, தொடர்ந்து. அப்புறம் மிகுந்த அக்கறையோடு சொன்னார்: "மூணு விசில் ஆச்சு மேடம், இறக்கிருங்க. சர்வர் குழைஞ்சிறப் போகுது."

வேறு வைப்பது

பலகாரம் செய்து வெளிநாடு வரை அனுப்பும் ஆச்சி ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். டப்பாவில் ஒட்டும் லேபிள் அடிக்கப் பழசு, பில் போடப் புதுசு. "ரெண்டையும் ஒரே பொட்டியில போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, எதுக்கு எனக்கு ரெண்டு பொத்தான்?" என்று நான் பலகாரம் வாங்கப் போனபோது கேட்டார். நான் என் கான்வென்ட் இங்கிலீஷை எடுத்துவிட்டேன். இரண்டு வெர்ஷனுக்கும் ஒரே பெயரில் ஒரு ஃபைல் வேண்டும், ஆனால் அவளுக்கு வேண்டியது இவளுக்கு ஆகாது, ஒருத்தி வந்து மாற்றி வைத்தால் இன்னொருத்தி எழுந்திருக்கவே மாட்டாள் என்று நான் நீட்டிக்கொண்டே போனேன். ஆச்சி தேன்குழல் பிழிவதை நிறுத்தவில்லை.

"ஏத்தா, எங்க வீடுகள்ல மகனுக்குக் கல்யாணம் ஆனா என்ன செய்வோம்? அதே வாசல், அதே வளவு, அதே கெணறு. அடுப்பை மட்டும் தனியா வச்சுக் கொடுத்துருவோம். இவ கொழம்புக்கு அவ உப்புப் பாக்க வேண்டியதில்ல" என்றார். "அதேதான் ஆச்சி!" என்றேன், கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷப்பட்டு. ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேறு வச்சிருக்குன்னு ஒத்தை வார்த்தையில முடிக்கிறதை விட்டுட்டு, இதுக்கா இம்புட்டு நேரம் இங்கிலீசு பேசுனே?"

இரண்டு ராமநாதன்

இதைப் படிக்கும் காரைக்குடிக்காரர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள். இங்கே ராமநாதன் இல்லாத ஆபீஸ் கிடையாது. அதனால் பெயருக்கு முன்னால் வரும் விலாசத்தை வைத்துத்தான் ஆளைப் பிரிப்பார்கள்: அப்பா பெயர், தாத்தா பெயர் என்று எழுத்து எழுத்தாக ஒரு வரிசை. சிமெண்டு, கம்பி விற்கும் ஒரு கம்பெனியில் அரு.சோம. ராமநாதனும் சித.பழ. ராமநாதனும் பக்கத்துப் பக்கத்து மேசை. என் வீட்டுக்காரர் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், தெரிந்திருக்க வேண்டும். விலாசம் நீளமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டு, ராமநாதன் என்று ஒரே ஒரு நுழைவுப் பெயரை உண்டாக்கி இருவருக்கும் கொடுத்துவிட்டார்.

ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே தள்ளப்படுவார். அரு.சோம. பாதி அடித்து வைத்த பில் சித.பழ.வின் திரையில் மீதியைக் கேட்டபடி நிற்கும். இருவருமே அடுத்தவர் வேண்டுமென்றே செய்வதாக நினைத்து, பேச்சை நிறுத்தி, டீக்குக்கூடத் தனித்தனியாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். "அவன் வந்து என்னையப் பிடிச்சுத் தள்ளுறான் மேடம்" என்று இருவரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முழு விலாசத்தோடு இரண்டு பெயர்களை உண்டாக்கி, தப்பு எங்களுடையது, சித.பழ.வுடையது இல்லை என்று அரு.சோம.விடம் விளக்கினேன். அவர் கேட்டார்: "அது சரி மேடம். நான் அவன்கிட்டப் பேச்சை விட்டுட்டேனே, அதை மறுபடி தொடங்க எந்தப் பொத்தானை அமுக்கணும்?"

கையை எடுங்க

வலையபட்டியில் பழைய வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதன் மேனேஜர் எந்தச் சின்னச் சந்தேகத்துக்கும் "நீங்களே உள்ள வந்து பாத்துருங்க மேடம்" என்பார். உள்ளே போவது என்றால், இங்கிருந்தே அவர் திரையில் அம்பை நான் நகர்த்துவது. நகர்த்தினால் அது என் பேச்சைக் கேட்காமல் எதிர்ப்பக்கம் ஓடும். "மவுஸ்ல இருந்து கையை எடுங்க சார்." "எடுத்துட்டேன் மேடம்." அம்பு மறுபடி ஓடும். "சார், கை!" கடைசியில் ஒரு பெருமூச்சு கேட்டது. "டிவி ரிமோட்டை என் சம்சாரத்துக்கே நான் கொடுத்ததில்ல மேடம். உங்களுக்காக விடுறேன்."

ஆடியில் வந்த ப்ரூஃப்

அன்னம் தேவகோட்டையில் பிரிண்ட் கொடுத்தால் சில நாள் அது எங்கள் வீட்டுப் பிரிண்டரில் வந்து விழும். வேலை நடப்பது இங்கே என்பதால், பிரிண்டரையும் இங்கேயே தேடிக்கொள்கிறது அந்தப் பழைய வெர்ஷன். இப்படி ஊரார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் எனக்கு முதலில் தெரிந்துவிடும். ஆடியில் யாரும் பத்திரிகை அடிக்க மாட்டார்கள், ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்குத் திருத்திப் பார்க்க ஒரு ப்ரூஃப் மட்டும் எடுத்து வைப்பார்கள். அப்படி ஒரு மத்தியானம் வந்து விழுந்ததை எடுத்துப் பார்த்தால், என் வீட்டுக்காரருடைய பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம்! எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே குடும்பத்தில் உள்ள அத்தனை பெயரும் இருக்கிறது, இவர் பெயர் இல்லை.

இவரைக் கேட்டால், "விடு, மறந்திருப்பாக" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் விடுவேனா? அன்னத்தைப் பிடித்தேன். "யாரு எழுதிக் கொடுத்தது இதை? எங்க வீட்டு மனுஷன் என்ன ஆகாதவரா? நாளைக்குப் பத்திரிகையைத் தூக்கிக்கிட்டு எந்த மொகத்தோட வருவாக?" என்று பொரிந்துதள்ளினேன். அவளுக்கு இருக்கிற கஷ்டத்தில் அவள் திருப்பித் திட்டியிருக்கலாம். அவளோ சாவகாசமாகச் சொன்னாள்: "ஆடியில யாராச்சும் பத்திரிகை வைப்பாகளாக்கா? இது ப்ரூஃப்தான். கோபத்தை ஆவணிக்கு வச்சுக்கங்க."

ஆவணியில் வந்த பத்திரிகையில் அவர் பெயர் இருந்தது. சேர்த்தது யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கட்டம் கட்டமாக

அதே ஆவணி. அச்சகத்தில் நிற்க இடமில்லை. நான் காப்பி வடிகட்டிக்கொண்டிருக்கும்போது சின்னவர் போன் செய்தார். "மேடம், பழசு இருக்கா?" அன்னம் தினமும் கேட்கிற அதே கேள்வி, குரல்தான் வேறு.

செட்டியார் வீடு ஒன்றில் இளைய மகளுக்குக் கல்யாணம். மூத்தவளுக்கு அடித்த பத்திரிகை மாதிரியே, எழுத்தின் வளைவு, ஓரத்துப் பூ, பங்காளிகள் வரிசை எதுவும் மாறாமல் வேண்டும் என்று பெண்ணின் தாயார் ஆச்சி கடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பழைய பத்திரிகையைப் புதுசில் திறந்தால் அதிலிருக்கும் பழைய தமிழ் எழுத்து புதுசுக்குத் தெரியவில்லை. பெயர் இருந்த இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. புதிதாக அடிக்கலாம் என்றால் பக்கம் முழுக்க விலாசம். ஓர் எழுத்து மாறினாலும் பங்காளிகளில் ஒரு கிளை கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராது. போனுக்குப் பின்னால் ஆச்சியின் குரல் எனக்கே கேட்டது: "என்னப்பா இது? எங்க பங்காளிகளையெல்லாம் ஜன்னலா மாத்தி வச்சிருக்கே?"

"மூடச் சொன்னீகளே தம்பி" என்றேன். "மூடிட்டீகளா?" என்றார். "இருங்க, பாத்துட்டு வர்றேன்" என்று போனை அடுப்பு மேடையில் வைத்தேன். காப்பியை ஆற்றினேன். நிதானமாக ஒரு வாய் குடித்தேன். கான்வென்டில் லீவு போட்ட பாடத்தை அன்றுதான் படித்தேன். பிறகு போனை எடுத்து, "இருக்கு. அதுல வேலை செய்யத் தெரிஞ்ச ஆளு உங்க கடையில யாரு?" என்றேன். "அன்னமக்கா மட்டுந்தான்" என்றார். "அப்ப அவளுக்குப் போன் போடுங்க. எனக்கு எதுக்குப் போடுறீக?"

அன்னம் புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாளாம். வாயைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பின்னறைக்குப் போய் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய மெஷின் இரைந்துகொண்டிருக்க, பத்திரிகை திறந்தது, பங்காளிகள் எல்லாரும் பெயரும் விலாசமுமாக முழுசாக நின்றார்கள், மூத்தவள் பெயர் இருந்த இடத்தில் இளையவள் பெயர் வந்து உட்கார்ந்தது. அன்னம் கடைக்கு அனுப்பிய படத்தைப் பார்த்து மத்தியானத்துக்குள் ஆச்சி தலையாட்டிவிட்டார். ப்ரூஃப் வழக்கம்போல எங்கள் வீட்டில் விழுந்தது. சாயங்காலம் அன்னம் பேசினாள். "அக்கா, சின்னவரு எனக்குத் தேங்ஸ் சொன்னாரு. அப்ப இனிமே பழசு இருக்குமாக்கா?"

ஒரு வரி

'இருக்கு, இருக்கு, வை போனை' என்று அன்றைக்கு என் வாயில் வரவில்லை. இருக்கு என்பது வேறு, இருக்கும் என்பது வேறு. நேராக அச்சகத்துக் குரூப்பில் எழுதினேன்: 'பழைய வெர்ஷன் தொடரட்டும், அன்னம் வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று யாராவது ஒருவர் ஒரு வரி எழுதவும்.' எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நீல டிக் வந்துவிட்டது. மறுநாள் காலையில் பெரியவர் ஒரு ரோஜாப்பூவும் 'இனிய காலை வணக்கம்' என்ற வாசகமும் அனுப்பினார். சின்னவர் அதற்கு ஒரு கும்பிடு போட்டார். மகன் முகம் கோணுமே என்று அப்பா எழுதவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் மூடச் சொன்னது வெளியே வந்துவிடுமே என்று மகன் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் மெஷினின் இரைச்சலைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார். மூடச் சொல்லியும் எழுத்தில் வரவில்லையே.

காலையில் போன் மட்டும் தவறாமல் வருகிறது. "பழசு இருக்கா அக்கா?"

ஒத்துப்போகாத இரண்டு வெர்ஷனை ஒரே வீட்டில் சண்டையில்லாமல் வேறு வைக்க எங்களுக்குத் தெரியும், ஓர் அப்பாவையும் மகனையும் ஒரு வரி எழுத வைக்கத்தான் இன்னும் தெரியவில்லை.

இன்றைக்கும் குரூப்பில் போட்டிருக்கிறேன்: 'யாராவது ஒரு வரி எழுதுங்களேன்.'